சாரல் நாளில் பார்த்த போர்டு

மகன் நடுவீட்டில் கிடக்க, ஐயாதுரை பட்டறையில் டிரில் மெஷினுக்குக் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஏசம்மாள் தன்னைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்களை விலக்கிவிட்டு எழுந்து பட்டறைக்குப் போனாள். இந்த மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று வாசலில் யாரோ கேட்டார்கள். பேதலிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மண்டபம் பக்கம் ஒரு கிளப்பில், பாய்மரம் நட்டு நின்றபடியே காற்றில் ஓட்டுகிற கடல் போர்டைப் பழக்கிக்கொடுக்கும் வேலை மகன் பெனினுக்கு. முந்தாநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாய்மரம் அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்து தலையில் அடித்திருக்கிறது. மயங்கிக் கடலில் விழுந்தவனை நேற்றுக் காலையில்தான் எடுத்தார்கள். ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே ஒரு குட்டி யானையில் அந்த போர்டையும் அனுப்பிவிட்டார்கள். ரெண்டு மாதத்துக்கு முன்னால் அதில் விட்டிருந்த விரிசலை ஒட்டிக்கொடுத்தவர் ஐயாதுரை. ராஜபாளையத்தில் தண்ணீர்த் தொட்டியும் பைபர் கதவும் செய்து பிழைக்கிறவர், மகனுக்காகத்தான் இந்த வேலையைத் தொட்டார்.

இப்போது தன் ஒட்டுக்கு அடியில் துளை போடப் போகிறார். புதிதாக ஏறிய கடல்தண்ணீர் என்றால் தெளிவாக வரும். அடைக்கும்போதே உள்ளே மாட்டிய தண்ணீர் என்றால், பாய்மரத்தைத் தாங்குகிற பலகையை ஊறவைத்து, பழுப்பாக நாறிக்கொண்டு வரும். அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஏசம்மாளுக்கு அது முன்பே தெரியும். அதுதான் கொடுமை.

போர்டை அடைக்குமுன் உள்ளே ஈரம் பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். சின்னதாகத் துளை போட்டு, அதன்மேல் கண்ணாடித் தாளை ஒட்டி வெயிலில் வைப்பார். ஈரம் இருந்தால் சூட்டில் கிளம்பித் தாளில் முத்து முத்தாகக் கோக்கும். இந்த போர்டுக்குத் தாள் ஒட்டிய அன்றைக்கு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டப் போயிருந்தார். தாளில் முத்து இருக்கிறதா என்று போனில் கேட்டார். இல்லை என்றாள். பொய்யில்லை. ஆனால் அவர் நின்ற இடத்தில் வெயில் கொளுத்தியது. இங்கே மலையிலிருந்து காலையிலேயே சாரல் இறங்கிவிட்டது. வெயில் இல்லாமல் முத்து எங்கே கோக்கும்? இருபது வருடம் அந்தப் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்தவளுக்கு இது தெரியாதா? நாளைக்கு போர்டு வராவிட்டால் வேலை போய்விடும் என்று பெனின் அன்று நாலு தடவை போன் பண்ணி அவள் உயிரை எடுத்திருந்தான். சாரலைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. சாயங்காலம் அவர் வந்தபோது தரை காய்ந்திருந்தது. அன்றே அடைத்தார்.

டிரில் ஓடி நின்றது. போர்டைச் சாய்த்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, வராமலே இருக்கட்டும் என்று வேண்டினாள். பிறகு பழுப்பாக இறங்கியது. பட்டறை முழுக்க நாறியது.

ஐயாதுரை அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“நாந்தாண்ட்டி அவனக் கொன்னுட்டேன்.”

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஊரில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த மனுசன் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளக் கையை ஓங்கியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க இல்ல. அன்னைக்கு இங்க சாரலு. வெயிலே இல்ல. தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் அடிக்கவில்லை.

அதற்குள் கொழுந்தன் எலியேசர் வந்துவிட்டான். சர்ச் ஐயர் வந்து காத்திருக்கிறார், கல்லறைக்கு நேரமாகிறது என்றான். போர்டைப் பார்த்தான்.

“அண்ணே, உள்ள தண்ணி இருந்துச்சா?”

ஐயாதுரை காலால் ஒரு சாக்கை இழுத்து ஈரத்தின்மேல் போட்டார்.

“இல்லலே. சுக்கா காஞ்சு கிடக்கு.”

எலியேசர் மூக்கைச் சுளித்தான். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஐயாதுரை எழுந்து வீட்டுக்குள் போனார். அவளை வா என்று சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஏசம்மாள் சாக்கை எடுத்து, தரையில் கிடந்ததை வலது கையால் வழித்துத் துடைத்தாள். குழாயடியில் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினாள். நாற்றம் போகவில்லை. பெட்டியை மூடப்போகிறோம், பெற்றவள் வந்து முகம் பார்க்கட்டும் என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

பெனின் தலையில் கட்டுப் போட்டிருந்தார்கள். கன்னத்தைத் தொடக் குனிந்தவள் பாதியில் நிறுத்தினாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, இடது கையால் தொட்டாள்.