மிச்சத்தை அங்கே பார்

பிருந்தா டவுனிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, கல்லூரிக் கணினி மையத்தின் வாசலில் தேவமணி நிற்பது தெரிந்தது. கேபிள், யூபிஎஸ், மின்சாரம் எல்லாம் அவர் பொறுப்பு. சாத்தான்குளத்துக்காரர், எதற்கும் பதற மாட்டார். அப்படிப்பட்டவர் மழையில் குடைகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், ஒரு மெஷினும் எந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டு லேப்லயும் அப்படித்தான்" என்றார்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. கேட்டுக்கிட்டே நிக்குது. பதில் வரல."

அன்றைக்குத் திங்கட்கிழமை, பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. மதுரையிலிருந்து தேர்வாளர் வந்து முதல்வர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஈரச் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் பிருந்தா சர்வர் அறைக்குள் போனாள்.

அது தொண்ணூற்றாறாம் வருடம். ஹார்ட் டிஸ்க் விற்ற விலைக்கு, லேபில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொன்று வாங்கிப் போடக் கல்லூரியால் முடியவில்லை. பேட்டைக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் அப்போதுதான் எழும்பி வந்த தனியார் கல்லூரி அது. அதனால் டிஸ்க் இல்லாத மெஷின்களாக வாங்கியிருந்தார்கள். அந்த மெஷினை ஆன் செய்தால் அதற்குத் தன் நெட்வொர்க் அட்டையின் எண் ஒன்றுதான் தெரியும். பெயர் தெரியாது, முகவரி தெரியாது. கேபிளில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, 'என் அட்டை எண் இது, நான் யார்?' என்று கேட்கும். சர்வரில் எப்போதும் விழித்திருக்கிற ஒரு புரோகிராம் அதைக் கேட்டு, 'உன் பெயர் இது, முகவரி இது, நீ எடுத்து ஓட வேண்டிய சிஸ்டம் இந்தக் கோப்பில் இருக்கிறது' என்று பதில் சொல்லும். பதில் வந்தபிறகுதான் மெஷின் எழுந்திருக்கும்.

அந்தப் புரோகிராமைப் பிருந்தா எழுதியிருந்தாள். இரண்டாம் கையாக வாங்கிய பழைய யூனிக்ஸ் சர்வரில் அது இல்லை. பெங்களூரில் வேலை செய்த தோழி ஒருத்தி அச்சிட்டு அனுப்பிய விதிமுறைத் தாள்களை வைத்துக்கொண்டு, கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து சி மொழியில் எழுதினாள். கல்லூரியில் அவளுடைய வேலை தற்காலிகம்தான். ஆனாலும் அவள் எழுதியதை நம்பித்தான் இரண்டு லேபும் ஓடின.

எந்த மெஷினுக்கு என்ன பதில் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு, டெர்மினல்களின் திறன்களை எழுதிவைக்க யூனிக்ஸில் ஏற்கெனவே இருந்த முறையையே அவள் எடுத்துக்கொண்டாள். மெஷினின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு விவரம், மறுபடி முக்காற்புள்ளி, அடுத்த விவரம் என்று நீண்டுகொண்டே போகும். வரி போதாவிட்டால் கடைசியில் சாய்கோடு போட்டு அடுத்த வரியில் தொடரலாம். ஒரே விவரத்தை எல்லா மெஷினுக்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம் என்பதற்காக 'டிசி' என்று ஒரு குறி உண்டு. டிசி போட்டு இன்னொரு பெயரை எழுதினால், 'மிச்சத்தை அங்கே பார்' என்று பொருள். அப்படிக் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொதுவாக 'கம்ப்லேப்' என்று ஒரு பதிவு, எலெக்ட்ரானிக்ஸ் லேபுக்குப் பொதுவாக 'ஈலேப்' என்று ஒரு பதிவு இருந்தன. அந்தந்த லேபின் மெஷின்கள் எல்லாம் மிச்சத்தை அங்கே பார்த்துக்கொண்டன.

பொதுப்பதிவு ஒன்றே போதும். இரண்டாக இருந்ததற்கு வேறு காரணம். கம்ப்யூட்டர் துறைத் தலைவர் வைத்தியலிங்கமும் எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர் அம்மையப்பனும் பேசிக்கொள்வதில்லை. பெருமாள்புரத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த தெரு. முன்பு ஒரே ஸ்கூட்டரில் கல்லூரிக்கு வந்தவர்கள். போன வருடம் விடுமுறையில் ஜெனரேட்டர் லைனை அம்மையப்பன் யாரிடமும் சொல்லாமல் தன் லேபுக்கு மாற்றிக்கொண்டார் என்று சண்டை ஆரம்பித்தது. அன்றிலிருந்து வராந்தாவில் எதிரே வந்தால் இருவரும் நோட்டீஸ் போர்டைப் படிப்பார்கள். ஒருவர் கேட்டு இன்னொருவர் மாற்ற வேண்டிய நிலை வரக்கூடாது என்றுதான் பிருந்தா ஆளுக்கொரு பதிவு வைத்து, கோப்பைத் திருத்த இருவருக்குமே அனுமதி கொடுத்திருந்தாள்.

"மொதல்ல கேபிளப் பாப்போமா?" என்றாள்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் தேவமணி. ஒரே கேபிள் மெஷின் மெஷினாகத் தொட்டுக்கொண்டு போகிற காலம் அது. எங்காவது ஒரு முனை கழன்றால் மொத்தமும் படுத்துவிடும். மழை நாளில் அதுதான் முதல் சந்தேகம். அவர் மீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். "கேபிள் நல்லாருக்கு மேடம். அங்கன ஒண்ணும் இல்ல. உங்க பக்கம் பாருங்க."

பிருந்தா சர்வரில் பார்த்தாள். அவளுடைய புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சர்வரின் மொத்த சக்தியையும் அது ஒன்றே தின்றுகொண்டிருந்தது. வேறு எந்த வேலைக்கும் மிச்சமில்லை. அதைக் கொன்றுவிட்டு மறுபடி கிளப்பினாள். ஏதோ ஒரு மெஷின் கேட்டது. உடனே புரோகிராம் பழையபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

வெளியே மாணவர்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். ஈரக் குடைகளை வராந்தாவில் விரித்து வைக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பரீட்சை நின்றால் யார் பேரைச் சொல்வார்கள் என்று பிருந்தாவுக்குத் தெரியும். சர்வரோடு வந்த புரோகிராம் கெட்டால் விற்ற கம்பெனியைத் திட்டலாம். இதற்குத் திட்ட அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவசரத்தில் எதையும் தொடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோப்பைப் படிக்கிற இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். ஒவ்வொரு பதிவைத் திறக்கும்போதும் அதன் பெயரைத் திரையில் எழுது என்பதுதான் அந்த வரி. கம்பைல் செய்து ஓட்டினாள்.

திரை நிரம்பத் தொடங்கியது. கம்ப்லேப், ஈலேப், கம்ப்லேப், ஈலேப், கம்ப்லேப், ஈலேப். கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் இரண்டே பெயர்கள் மேலே ஓடிக்கொண்டிருந்தன.

தேவமணி பின்னால் நின்று பார்த்தார். "என்னது இது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொரத்துது?"

பிருந்தா புரோகிராமை நிறுத்திவிட்டுக் கோப்பைத் திறந்தாள். கம்ப்யூட்டர் லேபின் பொதுப்பதிவில் விவரம் எதுவுமே இல்லை. டிசி போட்டு ஈலேப் என்று மட்டும் இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் லேபின் பதிவைப் பார்த்தாள். அங்கேயும் எல்லாம் துடைத்தாற்போல இருந்தது. டிசி போட்டுக் கம்ப்லேப். மிச்சத்தை அங்கே பார் என்று இது அதைக் காட்டியது, அது இதைக் காட்டியது. புரோகிராம் சொன்ன பேச்சைத் தட்டாமல் இங்கும் அங்குமாகப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தது. யாராவது இப்படி எழுதுவார்கள் என்று கோடையில் அதை எழுதியபோது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பழைய விவரங்கள் வேண்டும். கடைசியாக டேப்பில் நகல் எடுத்துவைத்தது போன மாதம். அதற்குப் பிறகு முகவரிகள் மாறிவிட்டன. அவள் இன்டர்காமை எடுத்து வைத்தியலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"சார், உங்க லேப் பதிவுல இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

"நான்தாம்மா எடுத்தேன், சனிக்கிழமை. ரெண்டு லேபும் ஒரே மாதிரி இருக்கணும்னு மீட்டிங்ல பிரின்சிபால் சொல்லிட்டாரே. எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் பதிவுல இருக்கும். அதைத்தானே எடுத்துக்கிடச் சொல்லி எழுதியிருக்கேன்."

அடுத்து அம்மையப்பன். அவர் லேபில் தேர்வாளர் ஏற்கெனவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் போல. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நான் சனிக்கிழமை சாயங்காலமே மாத்திட்டேனே. கம்ப்யூட்டர் லேப்ல எப்படியோ அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அங்கன கேளு."

பிருந்தா திரையில் இரண்டு பதிவுகளையும் மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு, "சார், நீங்க கொஞ்சம் சர்வர் ரூமுக்கு வரணும்" என்றாள். வைத்தியலிங்கத்திடமும் அதையே சொன்னாள். இன்னொருவரும் வருகிறார் என்பதை இருவரிடமும் சொல்லவில்லை.

வைத்தியலிங்கம் முதலில் வந்தார். அம்மையப்பன் கதவைத் திறந்தவர் அவரைப் பார்த்து வாசலிலேயே நின்றார். குளிர்ச்சிக்காக எப்போதும் மூடியே இருக்கும் சின்ன அறை அது. நோட்டீஸ் போர்டு எதுவும் கிடையாது.

"ரெண்டு பேரும் இதப் பாருங்க சார்" என்று பிருந்தா திரையைத் திருப்பினாள்.

இருவரும் குனிந்து படித்தார்கள். நாலு வரிதான். ஆனாலும் படித்து முடிக்க நேரமாயிற்று.

கடைசியில் அம்மையப்பன்தான் வாயைத் திறந்தார், திரையைப் பார்த்தபடியே. "நீரு எதுக்கு வே உம்ம பதிவ அழிச்சீரு?"

"பிரின்சிபால் ஒண்ணா ஆக்கச் சொன்னாரு. உம்மகிட்ட வந்து எதைப் போடன்னு கேக்கணும். அதுக்கு மனசு வரல. சரி, உம்ம பதிவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி இல்லாத குறைக்குச் சட்டை நுனியில் துடைத்தார். "நீரு எதுக்கு அழிச்சீரு?"

"நானும் அதே கதைதான். உம்ம வரிய ஏறிட்டுக்கூடப் பாக்கல."

"உம்ம ஏற்பாடுதான் ஒசத்தின்னு மீட்டிங்ல அத்தனை பேசினீரே."

"பேசினேன். வீட்டுக்குப் போயி யோசிச்சேன். போதும்னு தோணிச்சு."

வைத்தியலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தேவமணி தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுமில்லாத ஒரு கேபிளைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், இப்ப எதைப் போடணும்?" என்றாள் பிருந்தா.

"அவரு லேப்ல இருந்ததையே போடு" என்றார் அம்மையப்பன்.

"வேண்டாம்மா, அவரோடதையே போடு" என்றார் மற்றவர்.

"சார்" என்று பிருந்தா மெதுவாகச் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் விட்டுக் கொடுத்ததாலதான் இங்க ஒண்ணுமே இல்லாமப் போச்சு. யாராவது ஒருத்தர் சொல்லுங்க, நான் அடிக்கேன். வெளிய பிள்ளைங்க நிக்குது."

அதற்குப் பிறகு வேலை நடந்தது. பரீட்சைக்கு வேண்டிய சி கம்பைலர் வைத்தியலிங்கத்தின் சிஸ்டம் கோப்பில்தான் இருந்தது. அதன் பெயரை அவர் சொன்னார். லேபின் நெட்வொர்க்கை விட்டு வெளியே போக வழி காட்டும் முகவரி அம்மையப்பனுக்கு மனப்பாடம். அதை அவர் சொல்லச் சொல்லப் பிருந்தா அடித்தாள். நடுவில் ஓர் எண்ணை அவர் மாற்றிச் சொல்ல, "அது பழசு வே, போன மாசம் மாத்தியாச்சு" என்று வைத்தியலிங்கம் திருத்தினார். பொதுவாக ஒரே பதிவு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இருவரும் யோசிக்க ஆரம்பித்ததும், பிருந்தா தானாகவே 'பொது' என்று அடித்து முடித்தாள். இரண்டு லேபும் அதைப் பார்க்கும்படி செய்து புரோகிராமைக் கிளப்பினாள்.

தேவமணி லேபுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் அடித்தது. "எந்திரிச்சிட்டு மேடம். வரிசையா எந்திரிக்குது."

பரீட்சை முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. தேர்வாளர் முகம் சுளித்தாலும் கடைசியில் கூடுதல் நேரம் கொடுத்தார்.

மதியம் முதல்வர் பிருந்தாவையும் துறைத் தலைவர்கள் இருவரையும் கூப்பிட்டார். என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். பிருந்தா முன்பே இதற்குப் பதில் தயார் செய்தவள்போல நிதானமாகச் சொன்னாள். "என் புரோகிராம்ல ஒரு குறை சார். ஒரு பதிவு சுத்தித் திரும்பி அதே இடத்துக்கு வந்தா, அதைக் கண்டுபிடிச்சு நிறுத்தியிருக்கணும். அது நான் செய்யல. இன்னைக்கே செஞ்சிருதேன்."

"அது அந்தப் பிள்ளை தப்பு இல்ல சார்" என்றார் அம்மையப்பன். "நாங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிடாம எழுதினது. எழுதணும்னா எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கிடுங்க."

முதல்வர் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். அவர், "ஆமா சார், ரெண்டு பேரும்தான்" என்றார்.

சண்டைக்குப் பிறகு அந்த அறையில் 'நாங்க' என்று அவர்கள் சொல்லி யாரும் கேட்டதில்லை. முதல்வர் பேனாவை மூடி வைத்தார். "சரி, எழுத வேண்டாம். போய் வேலையப் பாருங்க."

பிருந்தா சர்வர் அறைக்குத் திரும்பி வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே நிரலைத் திறந்தாள். டிசி வழியாகப் போகும்போது, இதுவரை எந்தெந்தப் பெயரைத் தாண்டி வந்தோம் என்று புரோகிராம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே பெயர் மறுபடி வந்தால் அங்கேயே நின்று, எந்த வரியில் எது எதைக் காட்டுகிறது என்று எழுதி வைக்க வேண்டும். அதை முடித்த பிறகுதான் பெரிய விஷயம் உறைத்தது. கோப்பில் தவறு இருந்தால் கையில் இருக்கிற பழைய விவரங்களைத் தூக்கிப் போடக்கூடாது. புதியதை முழுதாகப் படித்து, சரி என்று தெரிந்த பிறகுதான் பழையதை விட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் காலையில் எல்லா மெஷினும் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்பிருந்த விவரத்தோடு எழுந்திருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அதையும் எழுதினாள்.

வேண்டுமென்றே கெட்ட கோப்புகளாகச் செய்து சோதித்துக்கொண்டிருந்தாள். தன்னையே காட்டுகிற பதிவு ஒன்று, மூன்று பதிவுகள் ஒன்றையொன்று வட்டமாகக் காட்டுகிற கோப்பு ஒன்று. புரோகிராம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் புகார் எழுதியது. வெளியே மழை விட்டிருந்தது. பக்கத்து வராந்தாவில் இரண்டு குரல்கள் கேட்டன. வெளி வழி முகவரியை அடுத்த வாரம் மாற்றலாமா கூடாதா என்று அம்மையப்பனும் வைத்தியலிங்கமும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தன.

பிருந்தா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு உட்கார்ந்து, வரிக் கடைசியின் சாய்கோட்டுக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அடுத்த கெட்ட கோப்பைத் தயார் செய்தாள்.