பதினாறு சனிக்கிழமைகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி. அங்கே மனித மேம்பாட்டுத் துறை என்று இந்த ஆண்டுதான் ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். நான் அதில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். நேற்று மதியம் இசைவாணி என்ற முதலாண்டு மாணவி, முதல் பருவப் பாடத் தெரிவுப் படிவத்தை என் மேசையில் வைத்தாள். பெயர் இருந்தது, கையெழுத்து இருந்தது. விருப்பப் பாடம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"நீங்களே போட்டுடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் அதை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். இப்போது மணி இரண்டு. கட்டத்தை நிரப்புவதற்குப் பதிலாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கல்வராயன் மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில் இசைவாணி—"

வேண்டாம். அவள் வந்தது மண்டை பிளக்கும் வெயிலில், சான்றிதழ்களை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு. மலை என்றதும் மேகத்தை இறக்கிவிடுவது என்னைப் போன்ற சமவெளிக்காரிகளின் புத்தி. (நான் ரிஷிவந்தியம் பக்கம்.)

இரண்டாவது முயற்சி: "மனிதர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று படிக்க வந்தவள் தன் சொந்த வளர்ச்சியை—"

பேச்சுப் போட்டி வாடை அடிக்கிறது. அடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தமிழ், ஆங்கிலம், மனித வளர்ச்சி அறிமுகம், சத்துணவு. இந்த நான்கும் எல்லோருக்கும் கட்டாயம். ஐந்தாவதுதான் விருப்பப் பாடம். நேற்றுக் காலை படிவத்தை அவளிடம் கொடுக்கும்போது விளக்கிச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் எடுக்கலாம். இல்லன்னா குழந்தையைக் கவனிச்சி எழுதறது. அதுக்குப் பதினாறு சனிக்கிழமை ஒரே குழந்தையைப் போய்ப் பாக்கணும். எப்படி விளையாடுது, எதுக்கு அழுவுது, புதுசா இன்னா பேசுது, எல்லாத்தையும் எழுதணும்" என்றேன்.

"இத எழுதனா மார்க் குடுப்பாங்களா மேடம்?"

"குடுப்போம்."

அவள் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் வர்ணிக்க முடியவில்லை. முயன்றேன், மூன்று வாக்கியம் வீணாயிற்று.

"எங்க வூட்டுப் பாப்பாவ எழுதலாமா?"

"சொந்த வீட்டுக் குழந்தை கூடாதும்மா. இங்க டவுன்லதான் பாக்கணும்."

"சனிக்கிழம எத்தினி மணிக்கு வுடுவீங்க?"

"நாலு மணி ஆயிடும்."

"எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு மூணரைக்கே பூடும் மேடம்" என்றாள். சிரிப்பு போய்விட்டது.

3

வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே போக வேண்டும் அவள் ஊருக்கு. அப்பா முனியனும் அம்மா ஆயம்மாளும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்கு விடியுமுன் கிளம்பிவிடுகிறவர்கள். தங்கை அருள்மொழிக்கு மூன்றரை வயது. பிறந்த இரண்டாவது மாதத்திலிருந்து அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்தது இசைவாணிதான். பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அக்கம்பக்கத்தார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, குழந்தை பெற்றவளை "ஆயம்மா" என்கிறது. இசைவாணியைத்தான் "அம்மா" என்கிறது.

(இங்கே ஒரு வெட்கக்கேடு. முதல் வரைவில் அருள்மொழியை இசைவாணி பெற்ற குழந்தையாகவே ஆக்கி, ஊர் மறைத்த ரகசியம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். கதை சூடு பிடித்தது. பிறகு அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தோன்றியது. கிழித்துப் போட்டுவிட்டேன்.)

கல்லூரி திறந்து விடுதியில் சேர்ந்த முதல் வாரம், குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை. யாரிடமும் பேசவும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு அக்கா போய் இறங்கியதும் இரண்டு தட்டுச் சோறு தின்றதாம். சனிக்கிழமை வகுப்பு என்றால் இனி வாராவாரம் போக முடியாது. ஞாயிறு காலை ஏறினால், உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் திரும்பும் பஸ் வந்துவிடும். பருவம் முடியும்வரை அப்படித்தான்.

படிவத்தின் பின்பக்கம் ஒரு கேள்வி உண்டு: குழந்தை வளர்ப்பில் முன் அனுபவம் உண்டா? இசைவாணி தெளிவான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: இல்லை.

இன்று காலை வகுப்பு முடிந்ததும், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"அனுபவம்னா வேலைக்குப் போயி செஞ்சதுதானே மேடம்? இது வூட்டு வேலதான" என்றாள்.

4

இவளை ரொம்ப நல்லவளாக எழுதிக்கொண்டு போகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக, காய்ச்சல் என்று விடுதிக் காப்பாளரிடம் கூசாமல் பொய் சொன்னவள் இவள். பல்லியைக் கண்டு அலறிய அறைத்தோழி சந்தியாவை இரண்டு நாள் கேலி செய்து அழவைத்திருக்கிறாள். விடுதியின் மதியச் சாம்பாரைப் பற்றி அவள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

5

முடிவுகள்.

முடிவு அ: கம்ப்யூட்டர் எடுக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் வகுப்பு முடிந்ததும் மூன்றரை மணி பஸ்ஸில் மலை ஏறுகிறாள். குழந்தை சாப்பிடுகிறது. துறையிலேயே குழந்தைகளை நன்றாக அறிந்த மாணவி, குழந்தையைப் பற்றிய பாடத்தை விட்டுவிட்டுத் தட்டச்சு பழகுகிறாள்.

முடிவு ஆ: குழந்தையைக் கவனிக்கும் பாடத்தை எடுக்கிறாள். அருள்மொழி கொஞ்ச நாள் ஏங்கி, மெல்ல ஆயம்மாளோடு ஒட்டிக்கொள்கிறாள். கடைசிக் காட்சியில் பெற்றவளை முதல்முறையாக "அம்மா" என்கிறாள்.

முடிவு ஆ எனக்கே கண்ணில் நீர் வரும்படி அமைந்துவிட்டது. திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது, இதை ஏன் இவ்வளவு ஆசை ஆசையாக எழுதினேன் என்று.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அவளிடமும் மறைத்தேன். விருப்பப் பாடம் நடக்கப் பத்துப் பேர் சேர வேண்டும். இதுவரை ஒன்பது பேர். அந்தப் பாடம் நடத்தத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். அது நடக்காவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை. நேற்று அவளிடம், "உனக்காகவே வச்ச பாடம் மாதிரி இருக்கு இது" என்று சொன்னேன். அது உண்மைதான். உண்மை என்பதால்தான் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

எனக்கு என்மேலேயே கோபமாக இருக்கிறது.

6

நாலு இருபதுக்கு அவளுக்கு போன் செய்தேன்.

"இசைவாணி, ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன். பத்துப் பேரு வந்தாதான் அந்தப் பாடம் நடக்கும். நீ பத்தாவது ஆளு. நடக்கலன்னா எனக்கு வேலை போயிடும். அத மனசுல வச்சிக்கினுதான் நேத்து உங்கிட்ட பேசனேன்."

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல பேசிக்கினு இருந்தாங்க. அதான் நான் எழுதாம உங்ககிட்ட குடுத்தேன். நான் கம்ப்யூட்டர்னு எழுதிட்டா, நீங்க இன்னா பண்ணுவீங்க? பாப்பா எப்படியாச்சும் பழகிக்குவா."

அவளுக்கு வயது பதினெட்டு. எனக்கு நாற்பத்தொன்று. தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்ட மாதிரியே என்னையும் தூக்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். போனைப் பிடித்தபடி அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

"என்னை வுடு. உனக்கு இன்னா வேணும், அதச் சொல்லு."

"எனக்கா?" என்றாள்.

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிது. வெகுநேரம் யோசித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நான் பேனாவைத் திறந்து வைத்தேன். பிறகு சொன்னாள். சொன்னதை அப்படியே கட்டத்தில் எழுதினேன். பின்பக்கத்து "இல்லை"யை அவள் சம்மதத்தோடு அடித்துவிட்டு "மூன்றரை ஆண்டு" என்று எழுதினேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கட்டத்தில் என்ன எழுதினேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் அவள் செய்தது சரியா தப்பா என்று பேச ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் அ, ஆ இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் வேறொன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதும் முன், அந்த முடிவில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் தாமதமாகச் சொன்னேன்.