வாங்க ஆளில்லை

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியிலிருந்த பங்குத் தரகர் ஆபீசில் அம்சாவுக்கு ஒன்பது வருஷ வேலை. வருகிறவர்கள் சொல்லும் பங்கை கம்ப்யூட்டரில் வாங்கித் தருவதும் விற்றுத் தருவதும் அவள்தான். லாரி ஓட்டும் திருவேங்கடம், சதுரங்கப்பட்டினத்து மனையை விற்ற பணத்தோடு வந்தபோது, ஒரு வால்வு கம்பெனியின் பங்கைக் காட்டியதும் அவள்தான்.

"ஜூன்ல எம்புள்ள பிரபாவுக்கு பொத்தேரி காலேஜ்ல பீஸ் கட்டணும்மா. அப்போ டக்குனு விக்க முடியுமா?"

"பெரிய மியூச்சுவல் ஃபண்டே இத வாங்கிகினு கீதுண்ணா. டெய்லி லட்சக்கணக்குல கைமாறுது. நெனச்ச நேரத்துல வித்துக்கலாம்."

நம்பித்தான் சொன்னாள். தானும் முந்நூறு பங்கு வாங்கியிருந்தாள்; அதையும் அவரிடம் சொன்னாள்.

மே மாதம் ஒரு மாலை, அந்த ஃபண்டு மொத்தத்தையும் விற்று வெளியேறப் போவதாகச் செய்தி வந்தது. இத்தனை நாளும் வாங்கியது பெரும்பாலும் அந்த ஒரே ஃபண்டுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடனே திருவேங்கடத்துக்குப் போன் செய்தாள்.

"காலைல மொதல்ல என்னுத வித்துடும்மா" என்றார்.

மறுநாள் ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தது. திரையில் முந்நூற்றுச் சொச்சம் பங்குக்குத்தான் வாங்க ஆள் இருந்தது. அவருடையதோ இரண்டாயிரம். அம்சாவின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு தன் முந்நூறை அடித்தாள். விற்றுப்போனது. அடுத்து அவருடையதை அடித்தாள். அதற்குள் நாலு லட்சம் பங்கு விற்பனைக்கு வந்து குவிந்திருந்தது. அன்றைக்கு இறங்கலாம் என்று விதித்த எல்லைவரை இறங்கி, விலை அங்கேயே நின்றுவிட்டது. வாங்குகிற பக்கம் காலி.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாளும் இப்படித்தான். திருவேங்கடம் தினமும் மாடியேறி வந்தார்.

"அதான் வெல போட்டுகீதே, அப்புறம் இன்னா?"

"வெல இருக்குண்ணா. வாங்க ஆளில்ல."

பதின்மூன்றாம் நாள், விலை பாதியான பிறகு, வேறொரு பெரிய ஃபண்டு வாங்க வந்தது. இரண்டாயிரமும் கண்மூடித் திறப்பதற்குள் போயின. கிடைத்த தொகை காலேஜுக்குப் போதாது.

திருவேங்கடம் கிளம்ப எழுந்தபோது கேட்டார்:

"நீயும் வாங்கியிருந்தியே, உன்னுது இன்னாச்சும்மா?"

அம்சா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போச்சுண்ணா."

"அய்யோ பாவம். வுடு, நீ இன்னா பண்ணுவ."

கீழே போனவர், கடையில் சொல்லி அவளுக்கு ஒரு டீ அனுப்பிவைத்தார். அது ஆறி ஏடு கட்டும்வரை அம்சா தொடவில்லை. அப்புறம் கொண்டுபோய் வாஷ்பேசினில் கொட்டினாள்.