ஏழாம் படியில் ஓங்கி மிதி

எங்கள் கிராமத்துத் தீயணைப்புப் படைக்கு இந்த மே மாதம் நூற்றிருபத்தைந்து வயது. 'நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா' என்று சொல்ல எங்கள் போலிஷ் மொழியில் ஒரே வார்த்தை: ஸ்துத்வுஜேஸ்தோபியென்சோலேசே. எட்டு அசை. அழுத்தம் கடைசிக்கு முந்தின 'லே'யில். திக்குவாய்க்காரியான நான், லுத்விகா, அதை ஊர் முன்னால் முழங்க வேண்டும். விழாவின் பெயரைச் சொல்லி, படை தயார் என்று தளபதியிடம் அறிவிக்கும் வேலையை இதுவரை ஒரு பெண்ணுக்கும் கொடுத்ததில்லை. எனக்கும் சும்மா கொடுக்கவில்லை, பதினோரு வருஷம் தண்ணீர்க் குழாய் பிடித்திருக்கிறேன்.

"அந்த வார்த்தைக்குள்ள நுழைஞ்சு நீ வெளிய வர்றதுக்குள்ள விழாவுக்கு வைக்கிற பட்டாணி சூப் ஆறிடும், தாயே," என்றான் வண்டி ஓட்டும் செனோன். "பேசாம 'விழா'ன்னு சொல்லிட்டு சல்யூட் அடி."

படையில் ஒருவரை ஒருவர் 'தோழர்' என்றுதான் கூப்பிடுவோம். இவன் மட்டும் என்னை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

"உன் வேலையப் பாருடா. கொ... கொடியில தைச்சிருக்கிற வார்த்தைய நான் எதுக்கு முழுங்கணும்?"

வீம்புதான். நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் கோபுரத்தில், கடைசி எட்டுப் படிகளில் பழகினேன். படிக்கு ஓர் அசை, ஏழாவதில் ஓங்கி ஒரு மிதி. மூன்றே வாரத்தில் வார்த்தை காலுக்கு வந்துவிட்டது. ஆனால் நின்றுகொண்டு சொன்னால் 'ஸ்து'விலேயே மாட்டிக்கொண்டது.

விழா அன்று வாத்தியம் ஓய்ந்தது. நடந்து போய், நின்று, சல்யூட் அடித்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும், அதுதான் முறை. நின்றால் நான் தொலைந்தேன். தளபதி ரோமுவால்டை நோக்கிக் கிளம்பினேன். எட்டுக் காலடி மிச்சம் இருக்கும்போது நடந்தபடியே ஆரம்பித்தேன்.

ஸ்து. த்வு. ஜே. ஸ்தோ. பியென். சோ. 'லே'யில் பூட்ஸ் தரையை அறைந்தது. 'சே'யில் நின்று சல்யூட் அடித்தேன். "படை தயார், தோழர் தளபதி!"

பதில் சல்யூட்டுக்கு அவர் கை உயரவில்லை. நான் என் கையை இறக்கவில்லை.

"நடந்துகிட்டே அறிக்கையா? எங்க கத்துக்கிட்ட?"

"கு... குழாய்க் கோபுரத்துல."

அவர் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. கை மெல்ல நெற்றிக்குப் போனது. ஊர் கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையைக் குனிந்து அடக்கமாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

பிறகு செனோன் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து நீட்டினான். ஆவி பறந்தது.

"ஆறல," என்றான். "வாய் வெந்துடப் போகுது. பாத்துக் குடிங்க, தோழர்."