மலைக்கு ஆகாத சைக்கிள்

இரும்புதான், இரும்பேதான், அலுமினியம் கூடவே கூடாது, அலுமினியம் இலேசு, இலேசாக இருந்தால் இதை மலைமேலும் ஓட்டலாமே என்று யாருக்காவது தோன்றும், தோன்றக் கூடாது… பாலக்காட்டில் ஜோஜோவின் சைக்கிள் கடைச் சுவரில் தொங்கிய ஃபிரேம்களில் ஆகக் கனமானதைத் தடவிக்கொண்டு நின்றான் தனபால். ஃப்ரீவீல் இல்லாத சைக்கிள் செய்துகொள்ளப் போகிறான். கியர் ஒன்றே ஒன்று, பெடலும் பின்சக்கரமும் ஒரே உயிர், சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியாக வேண்டும், இறக்கத்தில்கூடச் சும்மா உட்கார வழியில்லை. கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவனுக்கு, வேலைக்குப் போய்வர இப்படியொரு வண்டி எதற்கு என்று ஆசிரியர் அறையில் கேட்டபோது, ஓட்டுகிறவனும் ஓடுவதும் இரண்டல்ல என்று சொல்லியிருந்தான், கண்ணைப் பாதி மூடி. "அப்ப எறக்கத்துல காலுக்கு லீவு இல்லீங்களா சார்?" என்றாள் செல்வலட்சுமி டீச்சர். அவன் புன்னகைத்தான், பதில் தெரியாத ஞானிகள் அப்படித்தான் செய்வது. அந்த வாக்கியமும் அவனுடையதில்லை, செல்போனில் ஏதோ தாடிக்காரன் சொன்னது, அது கிடக்கட்டும்… உண்மைக் காரணத்தை ஆசிரியர் அறையில் சொல்ல முடியுமா? வண்டன்மேட்டு மலையில் மாமனாருக்கு இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் குடிபோக மாட்டேன் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும், வாயால் வரவில்லை, அதனால் சைக்கிளால் சொல்லப்போகிறான். மலையேறவே முடியாத வண்டியை ஆசையாசையாகச் செய்துகொள்ளும் ஒருவனை எந்த மாமனார் மலைக்கு அனுப்புவார்?

மாமனார் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். திரும்பக் கூடாது, திரும்பினால் எழுந்துவிடுவார். மாப்பிள்ளை நின்றால் நிற்பார், மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகே உட்காருவார், இத்தனைக்கும் வேலந்தாவளத்துப் பக்கம் சென்னியப்பன் தோப்பு என்றால் பஸ்ஸில் டிக்கெட்டே கொடுப்பார்கள், அப்படியொரு ஆள் அறுபத்தைந்து வயதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தெழுந்து உட்கார்ந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்… மாப்பிள்ளை தனியாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது கவுரவக் குறைவு என்று கூட வந்துவிட்டார். திட்டுகிற மாமனார் என்றால் எதிர்த்துக்கொண்டு வெளியே போய்விடலாம், கதவைக்கூடச் சாத்தலாம். சொல்லுக்குச் சொல் 'ங்க' போடுகிற மனிதனை எதிர்த்து எந்தக் கதவைச் சாத்துவது? அவர் ஒருநாளும் உத்தரவு போட்டதில்லை. கேட்பார், அவ்வளவுதான். "தோட்டத்துல நம்ம ஆளுன்னு ஒருத்தர் இருந்தாத் தேவலைங்க. மாப்ள என்ன சொல்றீங்க?" மறுவாரம் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ அவன் இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே, "எஸ்டேட்காரருக்கு இன்னொரு கரண்டி விடுங்கப்பா" என்றார்கள். அவன் பேசாமல் இருந்ததற்குச் சம்மதம் என்று பெயர் வைத்து ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார் மாமா. வேலையை விடச் சொன்னாரா என்றால் அதுவுமில்லை. "உத்தியோகத்த உட்றாதீங்க மாப்ளே. சம்பளமில்லாம அஞ்சு வருசம் லீவு உண்டாமா. ஆபீஸ்ல ஆளப் பாத்துச் சொல்லியாச்சுங்க." பிடிக்க ஒரு முள்ளும் இல்லாத கருணை. மனைவி தமிழ்ப்ரியாவிடம் சொல்லிப் பார்த்தான், உங்கப்பாகிட்ட நீயே சொல்லேன் என்று. அவள் துணி மடித்துக்கொண்டே, "நாஞ் சொன்னா உங்களுக்குத்தான் மரியாதக் கொறவு. நீங்களே சொல்லுங்க" என்றாள். இந்த வீட்டில் எல்லாக் கதவுக்கும் மரியாதையால் செய்த பூட்டு.

வண்டன்மேட்டை ஒருமுறை பார்த்திருக்கிறான், போதும். மழை, அட்டை, ஏலக்காய் உலர்த்தும் அறையின் வாசனை, அது மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்குச் சோறும் பாயசம்போல இருக்கும். மேஸ்திரி பவுல்ராஜ் குடையோடு ஓடிவந்து, "வாங்க சின்ன மொதலாளி, ஒங்களுக்காகத்தான் பங்களாவுக்கு வெள்ளையடிச்சுப் போட்டுருக்கோம்" என்றார். பங்களா என்பது இரண்டு அறையும் ஒரு புகைபோக்கியும். வாசலில் புதுப் பெயர்ப்பலகை வேறு, அதில் தனபால், எம்.எஸ்ஸி. பெயருக்கும் பட்டத்துக்கும் நடுவே ஒரு ஏலக்காய் படம்… யாரைக் கேட்டு எழுதினார்கள்? எல்லாரையும் கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள், அவனையும் கேட்டிருப்பார் மாமா, அவன் அன்றைக்கும் பேசாமல் இருந்திருப்பான்.

"சாரே, நல்ல செலக்‌ஷன்" என்றான் ஜோஜோ. ஃபிரேமை இறக்கிக் கைக்குழந்தையைக் காட்டுவதுபோல் காட்டினான். "ஃபிரேம் ஆத்மாவாக்கும். பாக்கியெல்லாம் வெறும் சரீரம்." ஆத்மாவின் அடியில் விலைச்சீட்டு தொங்கியது. பின்சக்கரம் உட்காரும் வாய் நேராகப் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கிறதா என்று தனபால் குனிந்து பார்த்தான், அப்போதுதான் சக்கரத்தை முன்னே பின்னே தள்ளிச் சங்கிலியின் தொய்வை எடுக்க முடியும். பார்த்தான் என்பதைவிட, மாமா பார்க்கிறார் என்பதற்காகப் பார்த்தான். மாமா எழுந்து வந்துவிட்டார். பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, சந்தையில் காளையின் உதட்டைத் தூக்குகிற அதே கட்டைவிரலால் தடவினார். "இதுக்கு எத்தன பல்லுங்க மாப்ளே?"

"நாப்பத்தெட்டுங்க மாமா."

"அடேயப்பா. நம்ம காளைக்கு எட்டுத்தானுங்க." ஜோஜோ சிரித்தான், மாமா சிரிக்கவில்லை. பல் விஷயத்தில் அவர் விளையாடுவதில்லை.

முன்னால் நாற்பத்தெட்டு, பின்னால் பதினாறு, ஒரு மிதிக்குச் சக்கரம் மூன்று சுற்று. வேண்டுமென்றே இறுக்கமான கணக்கு. வாளையார்க் கணவாய்க் காற்று எதிரே அடிக்கிற மாதங்களில் கொழிஞ்சாம்பாறைச் சமவெளியிலேயே இதை மிதிப்பது கல் செக்கு இழுப்பதுபோல இருக்கும். "சாரே, இது கடுப்பமாக்கும், முட்டு போகும்" என்று ஜோஜோகூட முழங்காலைத் தட்டிக் காட்டினான், போகட்டும், முழங்கால்தானே, முழங்கால் போனவனை எவன் ஏலக்காய்ச் சரிவில் நடக்கச் சொல்வான்… இப்போது சொல்லிவிட வேண்டும். கடையில் மின்விசிறி சுற்றுகிறது, மாமா கையில் பல்சக்கரம் இருக்கிறது, மூன்றாம் மனிதன் முன்னால் சொன்னால் அவரும் கோபப்பட முடியாது, கோபப்பட்டால் அதைவிட நல்லது, ஒருமுறை கோபப்பட்டுவிட மாட்டாரா?

"இது சமவெளிக்கு மட்டுந்தானுங்க மாமா. மலைக்கு ஆகாதுங்க."

சொல்லிவிட்டான். மாமா பல்சக்கரத்தைக் கண்ணாடிப் பலகைமேல் மெல்ல வைத்தார். தோள் துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டார். "மலைக்கு ஆவாதுங்களா" என்றார், கேள்வியாகவும் இல்லை. புரிந்துவிட்டது, புரிந்துவிட்டது அவருக்கு, இனி வீட்டில் நான்கு நாள் பேச்சிருக்காது, மாமியார் நாச்சம்மாள் ரசத்தில் உப்பை மறப்பார்கள், எல்லாம் சரி, தாங்கலாம், பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவார்கள்… மாமா ஜோஜோ பக்கம் திரும்பினார்.

"தம்பி, கேட்டீங்களா. மாப்ளைக்கு அந்த ஒரு கொறதான். மலைக்கு ஆவறாப்புல இன்னொரு பல்லும் சேத்துப் போட்ருங்க."

ஜோஜோவுக்கு முகமெல்லாம் பல். உள்ளே ஓடிப்போய் ஒரு பின்சக்கரத்தைக் கொண்டுவந்தான், அதன் நடுக்குடத்தில் இரண்டு பக்கமும் மரை. இந்தப் பக்கம் சமவெளிக்கு ஒரு பல், அந்தப் பக்கம் மலைக்கு ஒரு பல், மேலே போனதும் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் போதும், "பதினஞ்சாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு கையில இருந்தா மதி, சாரே. ஒரே சைக்கிள், ரெண்டு ஜென்மம்." மலைக்கென்று இருபது பல் சக்கரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தான். மாமா அதையும் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார், எப்போதும்போல, மரியாதையோடு.

"மாப்ள என்ன சொல்றீங்க?"

கடை முழுக்கக் காத்திருந்தது. வேண்டாமுங்க. ஒரே ஒரு சொல். கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ காலை சொல்லிப் பார்த்த சொல், நாக்கு மேலண்ணத்தைத் தொட்டால் பாதி வந்துவிடும், வேண்டாமுங்க மாமா, நான் வரலீங்க மாமா… வாயைத் திறந்தான். கண் இருபது பல்மேல் விழுந்தது. முன்னால் நாற்பத்தெட்டுக்கு இருபது, இரண்டு புள்ளி நான்கு, அந்தச் சரிவுக்கா? முட்டாள்தனம். ஒரு கடைக்காரன் சொல்லலாம், எம்.எஸ்ஸி. படித்தவன் முன்னாலா?

"இருபது பத்தாதுங்க" என்றது அவன் வாய். "முன்னால நாப்பத்திரண்டாக் கொறச்சுப் பின்னால இருபத்திரண்டு போடணும். அந்த ஏத்தம் பத்தடிக்கு ஓரடி தூக்குது."

மாமாவின் முகம் இப்படி மலர்ந்ததைத் தனபால் இதற்குமுன் பார்த்ததில்லை. "கேட்டுக்கோங்க தம்பி! நான் அந்த ஏத்தத்துல இருவது தடவ ஜீப்புல போயிருக்கறன், எனக்குத் தெரியுமா? மாப்ள மலைய அளந்தே வெச்சிருக்கறாரு."

அளந்துதான் வைத்திருந்தான். அன்றைக்கு ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, சரிவளக்கும் செயலியைத் திறந்து செல்போனை முழங்காலில் சாய்த்து வைத்து, பூப்பாறை தாண்டியதிலிருந்து ஒவ்வொரு வளைவாக… முடியாது என்று நிரூபிக்கத்தானே அளந்தான், அதற்குத்தானே? முடியாது என்று நிரூபிக்கிறவன் இருபத்திரண்டு என்ற எண்ணுக்கு எதற்காக வந்து சேர்ந்தான், முடியாது என்பதோடு ஏன் நிறுத்திக்கொள்ளவில்லை, எந்த ராத்திரி உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டான்? போட்ட ஞாபகமே இல்லை, விடை மட்டும் இருக்கிறது, திருத்தமாக. நாற்பத்தெட்டு மறுபடி சுவருக்குப் போனது, அந்த இடத்தில் நாற்பத்திரண்டு வந்து உட்கார்ந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை, அவனும் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தான்.

"மொத முறுக்கு மாப்ள கையால இருக்கட்டும்" என்றார் மாமா. "கெழக்க பாத்து நில்லுங்க மாப்ளே." கடைக்குள் கிழக்கே ஹெல்மெட் அலமாரி இருந்தது, தனபால் அதைப் பார்த்து நின்றான். மலைப் பல்லை ஏற்றி அதன்மேல் பூட்டு வளையத்தை வைத்து, கொக்கி வாய் வைத்த ஸ்பேனரை ஜோஜோ அவன் கையில் கொடுத்தான். பழக்கத்தில் வலப்பக்கமாகத் திருப்பினான், வளையம் கையோடு வந்துவிட்டது. "சாரே, இதுக்கு மரை தலைகீழாக்கும். இடப்பக்கம்." அவனுக்குத் தெரியும், படித்திருக்கிறான், பின்னால் மிதித்தாலும் பல் கழலாமல் இருக்கத்தான் அப்படி. மறுபடி வைத்து, கழற்றுகிறவனைப்போல இடப்பக்கமாகத் திருப்பினான். ஒரு பிடி இறுகியது. இன்னொரு பிடி. உள்ளங்கை வலித்தது, நிறுத்தியிருக்கலாம், யாரும் 'இன்னும்' என்று சொல்லவில்லை, மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்திருந்தார்.

"போதுங்களா மாமா?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரிய ஒரு நொடி ஆனது, அதற்குள் கை இன்னொரு பிடி முறுக்கியிருந்தது.