செனாப்பாங் பத்தா

"எங்கப்பாவோட துப்பாக்கியக் குடுங்க."

கிள்ளானில், ஆயுத உரிமக் கவுண்டரின் வரிசை சட்டென்று தாமரையைத் திரும்பிப் பார்த்தது. தாமரையின் அம்மா வள்ளியம்மா காலையில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "இழப்பீட்டு லெட்டரக் கேளு, செக்கக் கேளு, துப்பாக்கின்னு மட்டும் வாயத் தொறக்காத. பொம்பளப் புள்ள துப்பாக்கி கேட்டா எந்த மாப்பிள்ள வருவான்?"

கவுண்டருக்குள் இருந்த ராதாகிருஷ்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மெதுவாக் கேளும்மா."

"மூணு வருஷமா மெதுவாத்தான் அங்கிள் கேட்டோம். செக் பண்ணணும்னு கம்பத்து ஊர்ல எல்லார்கிட்டயும் துப்பாக்கிய வாங்கிட்டுப் போனீங்க. மத்தவங்களுக்குத் திரும்பி வந்திருச்சு. எங்கப்பாவுக்கு மட்டும், பழுதான துப்பாக்கிக்கு இழப்பீடாம். மேருல எங்க தோட்டத்துச் செம்பனைக் கன்னு ஒண்ணையும் காட்டுப்பன்னி விட்டு வைக்கல. இழப்பீட்டுச் செக்கக் காட்டினா பன்னி ஓடுமா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் கோப்பைப் புரட்டினார். "வகைன்னு கேட்ட எடத்துல 'செனாப்பாங் ரோசாக்'னு இருக்கே. பழுதான துப்பாக்கி. வெள்ளிக்கிழம உருக்கப் போறாங்க."

"அது செனாப்பாங் பத்தா! நடுவுல மடக்கித் தோட்டா போடுறது." இந்த விளக்கம் அவளுக்கே போன வாரம் அப்பா சொல்லித்தான் தெரியும். "எந்த மடையன் ரோசாக்னு எழுதினான்? மலாய் தெரியாதவங்கள எல்லாம் எப்படி வேலைக்கு எடுக்குறாங்க?"

அவர் அந்தப் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். கடைசி எழுத்துக்கு நீளமாக ஒரு வால். தாமரைக்கு அந்த வாலைத் தெரியும். அவளுடைய வால்தான்.

மூன்று வருடத்துக்கு முன் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தவள்தான் துப்பாக்கியை ஒப்படைக்கும் படிவத்தை நிரப்பினாள். "செனாப்பாங் பத்தான்னு எழுதும்மா" என்றார் அப்பா பழனியப்பன். மலாய்ப் பாடத்தில் ஏ பிளஸ் வாங்கியவளுக்குப் பொறுக்குமா? "பென்சில் ஒடிஞ்சாத்தாம்பா பத்தா. மெஷின் பழுதானா ரோசாக். தப்புத்தப்பாப் பேசாதீங்க." படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அப்பா சொன்னத மாத்தி நான்தான் அங்கிள் எழுதினேன். இப்ப என்ன பண்றது?" குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டு இழப்பீட்ட வாங்கிட்டுப் போயிரு. யாருக்கும் தெரியாது, ஈசி லா. துப்பாக்கியேதான் வேணும்னா சுராட் சும்பா, சத்தியக் கடுதாசி வேணும். எழுதுனவங்க, தப்பு என்னுது, அப்பா சொன்னதுதான் சரின்னு சத்தியம் பண்ணணும். வியாழக்கிழமைக்குள்ள." அவர் பேனாவை நீட்டினார்.

அப்பா சொன்னதுதான் சரி. இருபத்து மூன்று வருடத்தில் அந்த வாக்கியம் அவள் வாயில் வந்ததே இல்லை. பேனாவை அவர் பக்கமே தள்ளினாள்.

"சத்தியம் பண்ற எடம் எங்க அங்கிள்?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடியில."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே கைபேசியைக் காதில் வைத்தாள். "அப்பா, பழைய லைசென்ஸ படம் புடிச்சு அனுப்புங்க, அதுல பத்தான்னு இருக்கும். ஐயோ, நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலப்பா. பயப்படாம அனுப்புங்க."