காருக்குள் எரிந்த விளக்கு

படம் கருப்பு வெள்ளை என்று முக்ரான் முன்கூட்டியே சொல்லியிருந்தான். "ஒரே ஒரு கலர் மட்டும் வரும் அண்ணி. அது என்னன்னு நேர்ல வந்து பாருங்க" என்று போனில் சிரித்தான். அவள் படித்ததில்லை என்றாலும், கொழுந்தன் வரைந்த சித்திரக்கதையைப் படமாக எடுத்து, தலைநகரில் முதல் காட்சி போடுகிறார்கள் என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? நுவாரா அலமாரியிலிருந்து நல்ல உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். மகள் திசிரியைக் கிளப்பினாள். எதிர்வீட்டு தசாதித்தையும் விடவில்லை.

"சினிமாவுக்கா? இந்த முழங்காலை வெச்சுக்கிட்டா?" என்று தசாதித் இழுத்தாள்.

"முழங்காலா படம் பாக்கப்போகுது? கண்ணு நல்லாத்தானே இருக்கு, கிளம்புடி."

இப்படி வற்புறுத்தி அழைத்துப் போனதற்காகத்தான் நுவாரா பிறகு தன்னைத் தானே சபித்துக்கொண்டாள்.

அல்ஜியர்ஸ் நகரத்துக்கு நடுவில், கடலைப் பார்த்த தெருவில் அந்தப் பழைய கொட்டகை. மதியக் காட்சி. முக்கால்வாசிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். முக்ரானின் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், அவன் கையெழுத்து வாங்க. முக்ரான் அவர்களுக்கு நடுவில் மாப்பிள்ளை போல நின்றான். அண்ணியைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, மூன்று பேரையும் நடு வரிசையில் உட்கார வைத்தான். தசாதித் கைப்பையிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

படம் தொடங்கியதிலிருந்து மழைதான். வெள்ளை மையில் கோடு கிழித்த மாதிரி சாய்ந்து சாய்ந்து பெய்தது. கன்னங்கரிய தெரு, படிக்கட்டு, தொப்பி போட்ட துப்பறிவாளன், அவன் வாயில் எப்போதும் ஒரு சிகரெட். பேசுகிறவன் முகத்தில் பாதிதான் தெரியும். பெண்கள் எல்லாரும் குச்சி மாதிரிக் குதிகால் வைத்த செருப்போடு ஈரப் படிகளில் தடுக்காமல் இறங்கினார்கள். பிள்ளைகள் சொக்கிப் போனார்கள். "அப்படியே புத்தகத்தோட பக்கம்டா!" என்று ஒருவன் கத்தினான். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் உரக்கவே கேட்டார்: "நம்ம ஊர்ல இவ்வளவு மழை எப்பய்யா பெஞ்சுது? பெஞ்சிருந்தா குழாயில தண்ணியாவது வந்திருக்குமே!" கொட்டகையே சிரித்தது. நுவாராவும் சிரித்தாள். அவள் மனம் விட்டுச் சிரித்தது அன்றைக்கு அதோடு சரி.

அப்புறம் திரையில் ஒரு டாக்சி வந்தது. நீளமான பெரிய வண்டி, பின்னால் இரண்டு வரிசை இருக்கை. நுவாரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவள் புருஷன் லார்பியின் வண்டி. முன்கண்ணாடியில் இருந்த விரிசல்கூட அதே இடத்தில் இருந்தது.

லார்பி தலைநகருக்கும் தங்கள் மலைப்பக்கத்து ஊரான திசி உஸூவுக்கும் நடுவில் ஆள் ஏற்றி ஓட்டினவன். உள்நாட்டுச் சண்டை நடந்த அந்தக் கெட்ட வருடங்களில், தொண்ணூறுகளில், ஒரு நாள் இருட்டிய பிறகு மலைப்பாதையில் சீருடை போட்ட ஆட்கள் வண்டியை மறித்தார்கள். போலீஸ் இல்லை, போலீஸ் வேடம் போட்ட கலகக்காரர்கள். பின்னாலிருந்த ஒரு பையனை மட்டும் இறக்கி, பாதை ஓரத்திலேயே முடித்துவிட்டார்கள். அவன் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன். யூபா. தசாதித்தின் ஒரே மகன். மற்றவர்களையும் லார்பியையும் போகச் சொன்னார்கள். ஏன் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஊர் வாய் சும்மா இருக்குமா? 'அவனை மட்டும் எப்படி விட்டானுங்க' என்று காபிக் கடையில் முணுமுணுத்தார்கள். அந்த வாய்களை அடைத்தவள் தசாதித். மகனைப் புதைத்த வாரத்திலேயே லார்பியின் வீட்டுக்கு வந்து, எல்லார் கண் எதிரிலும் அவன் கையால் காபி வாங்கிக் குடித்தாள். சில வருடத்தில் லார்பி நெஞ்சு நின்று போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு எதிரெதிர் வீட்டு இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைக்காத குறைதான்.

ஒன்றை மட்டும் நுவாரா அவளிடம் சொன்னதில்லை. அந்த நாட்களில் இருட்டில் காவல் தடுப்பு கண்ணில் பட்டால், ஓட்டுநர் முன்விளக்கைத் தணித்து, காருக்குள் இருக்கும் விளக்கைப் போட வேண்டும். உள்ளே யார் யார் என்று தெரிய வேண்டுமாம். போடாத வண்டியைச் சுடுவார்கள். லார்பியும் போட்டான். போலீஸ் என்று நினைத்துப் போட்டான். அந்த வெளிச்சத்தில்தான் யூபாவின் ஒட்ட வெட்டிய பட்டாளத்துத் தலை தெரிந்தது. "என் கையால போட்டேன் நுவாரா, என் கையால" என்று சாகிற வரைக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை எப்படி அந்தப் பையனின் தாயிடம் சொல்வது?

இப்போது திரையில் அதே பாதை. தூரத்தில் டார்ச் வெளிச்சம் ஆடியது. ஓட்டுநரின் முகம் பாதி இருட்டில் இருந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு. கை மெல்ல மேலே போயிற்று. சொடுக்கு. காருக்குள் விளக்கு எரிந்தது. அத்தனை கருப்பு வெள்ளைக்கும் நடுவில் ஓட்டுநர் இருக்கையில் விரித்திருந்த கம்பளி விரிப்பு மட்டும் பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் பற்றிக்கொண்டது.

"வித்துட்டான்டா!" என்று முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து கத்தினான். விசில் பறந்தது, கை தட்டினார்கள். அடுத்த காட்சியில் வேடக்காரர்களின் தலைவன் ஓட்டுநரின் பையில் ஒரு கட்டு நோட்டைச் செருகினான்.

அந்த விரிப்பு நுவாரா பின்னியது. கல்யாணமான புதிதில், லார்பியின் முதுகு வலிக்காமலிருக்கப் பின்னியது. போன வருடம் முக்ரான் போன் செய்து, "அண்ணி, அண்ணன் சீட்டுல ஒரு விரிப்பு போட்டிருப்பாரே, அது என்ன நிறம்?" என்று கேட்டான். புத்தகத்தில் எல்லாமே கருப்பு மை என்பதால் அவன் அதுவரை நிறத்தைப் பற்றி நினைத்ததே இல்லை. என் புருஷனை நினைத்துக் கேட்கிறானே என்று பூரித்துப்போய் போட்டோ எடுத்து அனுப்பினவள் இவள்தான். அந்த விரிப்பு இன்றைக்கும் அவள் சமையலறை நாற்காலியில் கிடக்கிறது. தினம் காலையில் தசாதித் வந்து அதன்மேல்தான் உட்காருகிறாள்.

பக்கத்தில் கடலை கொறிக்கும் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க நுவாராவுக்குத் துணிச்சல் வரவில்லை.

படம் முடிந்ததும் பேச்சு வைத்தார்கள். பாரிசில் வளர்ந்த இளம் இயக்குநர் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். மைக் கை மாறிக்கொண்டே இருந்தது. கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர் நிழலைப் பற்றிப் பாதி பிரெஞ்சில் நீளமாகப் பேசினார், என்ன கேட்டார் என்று அவருக்கே மறந்துபோயிற்று. ஒரு பெண் எழுந்து, "எங்கம்மா அந்த வருஷங்கள்ல காலேஜுக்கு ஓட்டை ஷூவோட ஓடினாங்க சார், உங்க படத்துல எல்லாப் பொம்பளைங்களும் ஏன் டான்ஸ் ஆட வந்தவங்க மாதிரி இருக்காங்க?" என்று கேட்டாள். பாதிப் பேர் தட்டினார்கள், பாதிப் பேர் "ஸ்டைலுங்க, ஸ்டைல்!" என்று அவளை உட்கார்த்தினார்கள். ஒரு பையன் அந்த விளக்கைப் பற்றிக் கேட்டான். இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அந்த விளக்குதான் படத்தோட உயிர். ஒரே சொடுக்குல ஒரு மனுஷன் துரோகியாகுறான்" என்றான்.

நுவாரா தன்னை அறியாமல் கையைத் தூக்கியிருந்தாள். மைக் வந்துவிட்டது. அவள் ஜென்மத்தில் அதைப் பிடித்ததில்லை.

"தம்பி, அந்த லைட்டை எல்லாருந்தான் போட்டாங்க" என்றாள். "எல்லா டிரைவரும் போட்டாங்க. போடாம இருக்க முடியாது."

இயக்குநர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, என்ன அற்புதமான பார்வை! ஒருத்தன் இல்ல, நாம எல்லாருமே துரோகிகள்தான்னு சொல்றீங்க. இதைத்தான் நான் காட்ட நினைச்சேன்."

கொட்டகை எழுந்து நின்று தட்டியது. தட்டிய ஒவ்வொரு கையும் லார்பியின் கன்னத்தில் விழுந்த அறையாகத்தான் அவளுக்குப் பட்டது. உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசைக் கிழவர் மட்டும் தட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்ரான்தான் காரில் வீட்டுக்குக் கொண்டுவிட்டான். திசிரி முன்னால் உட்கார்ந்தாள், பெரியவர்கள் இருவரும் பின்னால். குளிர்காலம், நகரத்தைத் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது.

திசிரிதான் முதலில் கேட்டாள். அப்பா போனபோது அவள் கைக்குழந்தை. "சித்தப்பா, அப்பா அப்படித்தான் பண்ணாரா?"

"அடச்சே, அது கதைம்மா. வெளிச்சமும் நிழலும் விளையாடுற கதை. நான் புத்தகத்துல அவன் லைட்டைப் போடுறதை மட்டுந்தான் வரைஞ்சேன். அந்தச் சிரிப்பு, பணக்கட்டு எல்லாம் டைரக்டர் சேர்த்தது. அவருக்கு ஒரு துரோகி தேவைப்பட்டான்."

"தேவைப்பட்டா உன் வீட்டுலேருந்தா எடுத்துக் குடுப்பே?" என்றாள் நுவாரா. "உன் நிழலுக்கு உலகத்துல வேற விரிப்பே கெடைக்கலையா?"

"அண்ணி, படத்துக்கு எழுதினதை முன்னாடியே காட்டினாங்க. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. படம் நின்னுடுமோன்னு பயம்."

"நீ நம்புறியா? உன் அண்ணனை?"

முக்ரான் கியரை மாற்றினான். அவனுக்கும் காபிக் கடைப் பேச்சு கேட்கிற வயதுதான் அப்போது. அவனுடைய மௌனம் படத்தை விடக் கொடியதாக இருந்தது.

அப்போதுதான் தசாதித் வாய் திறந்தாள். "நுவாரா. லார்பி லைட்டைப் போட்டது நெசந்தானா?"

பொய் சொல்லலாம். இத்தனை வருட அடுப்பும் காபியும் மிஞ்சும். ஆனால் பக்கத்திலிருக்கும் இந்த மனுஷியிடம் அவளுக்குப் பொய் வரவில்லை.

"நெசந்தான்."

"இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்ல."

"எப்படிடி சொல்லுவேன்?"

"என் புள்ளைக்குக் குல்லா பின்னிக் குடுத்திருந்தேன்" என்றாள் தசாதித். "தலை தெரியக்கூடாதுன்னு. வண்டிக்குள்ள புழுங்கிச்சுன்னு கழட்டியிருப்பான்." நகர்ந்து கதவோரமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம். தசாதித் ராத்திரியில் காரில் போய்ப் பழகியவள் இல்லை. மகன் போன பிறகு இருட்டினால் வாசலைத் தாண்டாதவள், விளக்குப் போடும் வழக்கம் அவளுக்குத் தெரியாது. அவளிடம் என்ன விளக்கம் சொன்னாலும், புருஷனைக் காப்பாற்றப் பேசுகிற பேச்சாகத்தான் இருக்கும். எல்லாம் போயிற்று என்று நுவாரா நினைத்தாள். லார்பி இப்போது இரண்டாம் முறை செத்துக்கொண்டிருந்தான், இந்தமுறை துரோகியாக.

ரெகாயா ஊரைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக ஊர்ந்தன. முன்னால் காவல் தடுப்பு. சாலையை அடைத்து முள் சங்கிலி, டார்ச்சோடு இரண்டு போலீஸ். முக்ரான் வேகத்தைக் குறைத்தான். முன்விளக்கைத் தணித்தான். அவன் கண் சாலையில்தான் இருந்தது. வலது கை தானாக மேலே போயிற்று.

சொடுக்கு.

காருக்குள் வெளிச்சம் வந்தது. திசிரியின் ஈரக் கன்னம், நுவாராவின் முக்காடு, கதவோரம் ஒண்டியிருந்த தசாதித், எல்லாம் ஒன்று விடாமல் தெரிந்தது. முன்னால் நின்ற வண்டியிலும் விளக்கு எரிந்தது. அதற்கு முன்னாலிருந்த வண்டியிலும் எரிந்தது. தசாதித் கழுத்தை நீட்டி அந்த வரிசை முழுவதையும் பார்த்தாள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் யார் பெற்ற பிள்ளைகளோ வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரன் குனிந்து நான்கு முகங்களையும் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையை ஆட்டினான்.

அப்போதுதான் முக்ரானுக்குத் தன் கை என்ன செய்தது என்று உறைத்தது. விளக்கை அணைக்கக்கூட மறந்து, அந்தக் கையை மடியில் வைத்து வெறித்தான். பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது.

தசாதித் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா முக்ரான்" என்றாள். "இப்ப எங்களை யாருக்குடா வித்தே?"

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, "அண்ணா" என்று அழுதான்.

பின்னால் ஹாரன் விடாமல் கேட்டது. தசாதித் நகர்ந்து வந்து நுவாராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அணைச்சிட்டு ஓட்டுடா" என்றாள். "வீட்டுக்குப் போகணும்."